வாசித்தே கற்ற இங்கிலீஷ் சொற்களை வாய்க்குப் பழக்குவது எப்படி?

அம்பாசமுத்திரத்தில் நான் இங்கிலீஷ் கற்றது நூலகத்துப் பேப்பரில். பேசிக் கேட்க ஆளில்லை, அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நானாக ஓர் உச்சரிப்பு வைத்துக்கொண்டேன். திருநெல்வேலியில் ஓர் இன்டர்வியூவில் ‘டிட்டர்மைன்’ என்றேன். எதிரே இருந்தவர் ‘டிட்டர்மினா?’ என்று மெதுவாகக் கேட்டார், நான் அது வேறு ஏதோ சொல் என்று நினைத்து, ‘இல்ல சார், டிட்டர்மைன்’ என்று அவரைத் திருத்திவிட்டு வந்தேன். அண்ணனிடம் சொன்னதும், ‘அவருக்கே பாடம் எடுத்துட்டு வந்திருக்கியேல, வேலை கெடச்ச மாதிரிதான்’ என்றான்.

முதல் வேலை, தப்பாகச் சொல்லும் சொற்களைப் பிடிப்பது. பேப்பரில் அரைப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். நூறு தடவை கண்ணில் பட்டும் ஒருவர் வாயிலும் கேட்டிராத சொல் வந்தால் பென்சிலால் கோடு போடுங்கள்.

அடுத்து, அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அமுக்கிக் கேளுங்கள். எனக்கு கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதிதான் பிடிக்கும், பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். போனில் மெஷின் படித்துக் காட்டும் குரலை நான் நம்புவதில்லை. வாக்கியத்துக்குள் கேட்க வேண்டுமென்றால் யூகிளிஷ், யூடியூபில் அந்தச் சொல் வரும் இடங்களாகப் பொறுக்கிப் போடும்.

நான் மாதக்கணக்கில் சறுக்கிய இடம் இனிமேல்தான். அகராதியில் உச்சரிப்புக் குறிகளுக்கு நடுவே, மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும். அழுத்தம் எங்கே, அதாவது எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்று காட்டுவது அது. ‘டெவலப்’ என்ற சொல்லில் ‘டி’க்கும் ‘வெல்’லுக்கும் இடையில் நிற்கும். நம் துணைக்கால் பின்னால் நின்று முன்னெழுத்தைத்தானே நீட்டும், அதே பழக்கத்தில் நான் ‘டி’யைப் போட்டு அழுத்தினேன். உண்மையில் அந்தக் கோடு தனக்குப் பின்னால் வருகிற அசைக்கு உரியது. ஆகவே ‘டி-வெல்-அப்’பில் ‘வெல்’தான் ஓங்கும்.

அழுத்தம் விழாத அசை பெரும்பாலும் சுருங்கிவிடும். கவிழ்த்துப் போட்ட இங்கிலீஷ் ‘இ’ மாதிரி ஒரு குறி வரும், அதன் பெயர் ஷ்வா. காடு, மாடு என்னும்போது கடைசி ‘டு’வை உதடு குவிக்காமல் விடுகிறோமே, குற்றியலுகரம், ஒலி வேறென்றாலும் சோம்பல் அதே சோம்பல்தான். ‘போட்டோகிராப்’பில் முதல் அசை ஓங்கும், ‘போட்டோகிராபர்’ என்றதும் அதே அசை ஷ்வாவாகச் சுருங்கி, அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும்.

நோட்டில் தமிழில் மட்டும் எழுதி வைக்காதீர்கள். கடனுக்கான சொல்லில் ‘பி’ ஒலிக்காது என்று தெரிந்து ‘டெட்’ என்று எழுதினேன். (அந்த ‘பி’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது கிடையாது, லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படிப்பாளிகள் பிற்பாடு சொருகியது.) நாலு வரி தள்ளி, செத்ததற்கும் ‘டெட்’. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எது கடன், எது சாவு என்று தெரியவில்லை. ஸ்பெல்லிங்கையும் அழுத்தக் கோட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பின்சேர்க்கை: தென்காசி நண்பர் ஒருவர், ‘நீ சொன்னபடிதான் ரெக்கார்டுன்னேன், ஆபீஸ்ல தப்புங்காங்க’ என்றார். அகராதியில் அவர் அமுக்கிக் கேட்டது பெயர்ச்சொல், அதில் முதல் அசை ஓங்கும். பேசியது வினைச்சொல், அதில் இரண்டாவது. அகராதியில் இரண்டுக்கும் தனித்தனி ஒலிபெருக்கி உண்டு, அமுக்கும் முன் எது பெயர், எது வினை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.