‘இப்போ ஒண்ணும் இல்ல’ என்பதை நம்பாதீர்கள்

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண் ஒருத்தி, நோயாளியிடம் எடுத்த எடுப்பில் கேட்டாள்: “இப்போ எப்படி இருக்கு?” “இப்போ ஒண்ணும் இல்லம்மா” என்றார் அவர். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. வேலைக்கு வந்த புதிதில் நானும் இதே கேள்வியைக் கேட்டு மாட்டிக்கொண்டவள்தான். வீடுகளிலும் இதே கதை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் யாரும் சும்மா இருப்பதில்லை. அது இங்கே வேண்டாம்; ‘ஒண்ணும் இல்ல’ என்று நாம் விட்டுவிடும் அபாய அறிகுறிகளைத்தான் சொல்லப்போகிறேன்.

தானாகச் சரியானதை விட்டுவிடுவது

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும். காலையில் தலை வாரும்போது வலது கையிலிருந்து சீப்பு நழுவியிருக்கிறது. எடுத்தார், மறுபடி விழுந்தது. மனைவியைக் கூப்பிட்டால் வாய் குழறியிருக்கிறது. எல்லாம் பத்தே நிமிஷம். என்னிடம் வந்தபோது கையும் பேச்சும் சுத்தமாக இருந்தன. “தூக்கம் பத்தலண்ணே, போய் நல்லாத் தூங்குங்க” என்று டாக்டரிடம்கூடக் காட்டாமல் அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் ஸ்ட்ரெச்சரில் வந்தார். அந்த வலது கை பிறகு எழவே இல்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு சின்ன ரத்தக்கட்டி அடைத்து, தானே கரைந்துபோனால் இப்படித்தான் ஆகும். ரத்தம் ஓடியதும் ஆள் பழையபடி ஆகிவிடுவார். ஆனால் கட்டி கிளம்பி வந்த இடம், கழுத்துக் குழாயில் படிந்த கொழுப்போ தாறுமாறாகத் துடிக்கும் இதயமோ, அப்படியேதான் இருக்கும். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதனால் சரியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு கண்ணில் திரை இறங்கினாற்போல் இருண்டு, சில நிமிஷத்தில் தெளிவதும் இந்த ரகமாக இருக்கலாம். இதற்குப் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துக் கூட்டிவருகிறவர்களும் உண்டு. அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் இல்லாமல் சொல்ல முடியாது. கசிவென்றால் அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கும்.

கோளாறு இன்னும் இருந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம். ஸ்கேன் எடுப்பதும் அதற்குள் முடியவேண்டும்.

‘வலிதான் இல்லையே!’

வலிக்காத கட்டி, ஒரே ஒரு தடவை சிறுநீரில் வந்த ரத்தம், மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண். இவை புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்; வலி இல்லாததாலேயே டாக்டரிடம் காட்டுவது மாசக்கணக்கில் தள்ளிப்போகிறது.

நெஞ்சு வலித்தால்தான் மாரடைப்பு என்பது

சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சு வலிக்காமலே வரலாம். திடீர் மூச்சிரைப்பு, குப்பென்ற வியர்வை, காரணமில்லாத அசதி. போதும், கிளம்புங்கள்.

கறுப்பு மலம்

இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும். தார் மாதிரி பிசுபிசுத்து நாறினால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

‘வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும்’

மூச்சு முட்டாமல் படுக்கப் போன மாசம் எத்தனை தலையணை வைத்தார், இப்போது எத்தனை என்று கேளுங்கள். ஒன்று மூன்றாகியிருந்தால், சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு வார் கணுக்காலில் பள்ளம் பதிக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் ஆமென்றால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.