புதிய கேமை வாங்கும் முன் ரசிகர்களின் கருத்தை எடைபோடுவது எப்படி

புதிய வீடியோ கேம் ஒன்று வெளியாகும் வாரத்தில் "அருமை" என்ற குரலும் "காசு தண்டம்" என்ற குரலும் ஒருசேர எழுகின்றன. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ விடுதியில் தங்கிப் படித்து, மாதச் செலவில் மிச்சம் பிடித்துக் கேம் வாங்கும் மாணவருக்கு இவற்றில் எதை நம்புவது என்பது சின்னக் கேள்வி அன்று. காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்க வருபவர் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பார்த்த பிறகே விலை பேசுவதுபோல, ஒரு கருத்தையும் யார், எந்தக் கருவியில், எத்தனை மணி நேரம் விளையாடிவிட்டுச் சொன்னார் என்று பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

முதலில், முன்பதிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகும் பொருள் அன்று. அவசரப்பட வேண்டிய தேவை விற்பவருக்குத்தான் உண்டு. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான சைபர்பங்க் 2077 கேமுக்கு, வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே கொடுக்கப்பட்டது. சோனி நிறுவனத்தின் கேம் கருவியான பிளேஸ்டேஷன் 4இல் அது எவ்வளவு மோசமாக ஓடுகிறது என்பது வாங்கியவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே நீக்கியது. ஆகவே, நீங்கள் வைத்திருக்கும் அதே கருவியில் விளையாடியவர்களின் கருத்து வரும்வரை காத்திருங்கள். அதே கேம் பின்னாளில் அப்டேட்களால் வெகுவாகத் தேறியது என்பதால், பழைய வசவை மட்டும் படித்து ஒதுக்கிவிடுவதும் சரியன்று.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒவ்வொரு விமர்சனத்துடனும் எழுதியவர் விளையாடிய நேரம் காட்டப்படுகிறது. சமீபத்திய விமர்சனங்களின் தொகுப்பும் மொத்த விமர்சனங்களின் தொகுப்பும் தனித்தனியே தெரிகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். கோபம் கேமின் மீதா, நிறுவனத்தின் நடைமுறை மீதா என்பதைப் பிரித்தறிவதே இங்கு முக்கியம். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கணினியில் விளையாடுவோரும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் என்ற சோனியின் இணையச் சேவையில் தொடங்கிய கணக்கை இணைத்தாக வேண்டும் என்று சோனி அறிவித்ததும் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. சில நாட்களிலேயே சோனி பின்வாங்கியது. அந்தக் கணக்கைத் தொடங்கவே வழியில்லாத நாடுகளின் ரசிகர்களுக்கு அது வாழ்வா சாவா என்ற பிரச்சினை; சேவை கிடைக்கும் இந்தியாவில் அதன் தாக்கம் வேறு. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் கேமின் தரத்தை அறிய விரும்புபவர் அதற்கு முந்தைய விமர்சனங்களையும் படிக்க வேண்டும்.

வாங்கிய பிறகும் கேம் பணம் கேட்குமா என்று பாருங்கள். உடை, நிறம் போன்ற அலங்காரங்களுக்குக் கேட்பது ஒன்று. வெற்றிக்கு உதவும் ஆற்றலை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத லூட் பாக்ஸாக விற்பது வேறு. முழு விலையும் வாங்கிக்கொண்டு இரண்டாவதைச் செய்வது அநியாயம். 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 கேமில் ரசிகர்கள் கொதித்தெழுந்ததால், வெளியீட்டுக்குச் சற்று முன்பு கேமுக்குள் பணத்துக்கு விற்பது நிறுத்தப்பட்டது; 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் பணம் கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்களைச் சட்டவிரோதம் என்றது. இணையமின்றி ஓடுமா என்பதையும் பாருங்கள்: யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டபோது, தனியாக விளையாடியவர்களும் அதை இழந்தார்கள்.

ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பதிவிறக்க நேரம் இதில் சேராது. கேம் திறந்த பிறகு ஷேடர், அதாவது காட்சிகளை வரைய உதவும் சிறு நிரல்கள், தயாராகும் நேரம் சேரும். ஆகவே அறிமுகக் காட்சிகளில் லயித்துவிடாமல், கூட்டமும் சண்டையும் நிறைந்த இடத்துக்கு விரைவாகச் சென்று, உங்கள் கிராபிக்ஸ் கார்டு தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிறகு நீங்களும் எழுதுங்கள். ஆனால் "லேக் அடிக்கிறது", அதாவது கேம் தாமதித்துத் திணறுகிறது, என்று எழுதுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் செட்டிநாட்டு வீட்டில் ரௌட்டர் முகப்பிலும் கணினி இரண்டாங்கட்டிலும் இருந்தால், நடுவிலுள்ள தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை தேய்ந்துதான் வந்து சேரும். அந்தக் குறை கேமுடையது அன்று. லேன் கேபிளில் இணைத்து விளையாடிப் பாருங்கள். அப்போதும் திணறினால், கருவியின் விவரம், கேமின் பதிப்பு எண், திணறும் இடம் ஆகியவற்றுடன் எழுதுங்கள். அப்டேட்டில் குறை தீர்ந்துவிட்டால், எழுதிய விமர்சனத்தைத் திருத்தவும் ஸ்டீமில் வசதி உண்டு.