.30-06 வேட்டை ரைபிள்: பொருத்தமான தோட்டாவைக் கண்டுபிடித்து ஜீரோ செய்வது எப்படி?

அமெரிக்க ராணுவம் 1906-ல் ஏற்றுக்கொண்ட தோட்டா .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு. அங்கே மான் வேட்டைக்கு இன்றும் அதிகம் பயன்படும் தோட்டாக்களில் இதுவும் ஒன்று. 1936-ல் வந்த வின்செஸ்டர் மாடல் 70, 1962-ல் வந்த ரெமிங்டன் 700 போன்ற ரைபிள்கள் இந்தத் தோட்டாவுக்கும் செய்யப்பட்டன. பழையதோ புதியதோ, அப்படி ஒரு ரைபிளை வாங்கிய எல்லோருக்கும் வரும் கேள்வி: கடையில் இருபது வகைப் பெட்டி இருக்கிறது, எதை வாங்குவது? அதன் பிறகு ஜீரோ, அதாவது ஸ்கோப்பில் (ரைபிள்மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்த குறியில் குண்டு படும்படி சரிசெய்வது.

விலை அதைச் சொல்லாது. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து செய்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடுவதில்லை. சுடும்போது குழல் அதிர்கிறது. குண்டு (தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து செல்லும் உலோகத் துண்டு) வெளியேறும் கணத்தில் குழல்வாய் எந்தத் திசையில் இருக்கிறது என்பது குண்டின் எடை, வேகம், வெடிமருந்து எரியும் விதம் எல்லாவற்றையும் பொறுத்தது. சேம்பரின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) அளவும், குண்டு குழலுக்குள் இருக்கும் வரிப்பள்ளங்களைத் தொடும் முன் தாண்டும் இடைவெளியும் ரைபிளுக்கு ரைபிள் மாறும். எனவே சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கையால் தோட்டா நிரப்ப விரும்புவோரும் முதலில் இந்தச் சோதனையை முடிப்பது நல்லது. தொழிற்சாலைத் தோட்டாவில் உங்கள் ரைபிள் என்ன செய்கிறது என்று தெரியாவிட்டால், பிறகு செய்யும் எந்த மாற்றம் பலன் தந்தது என்றும் தெரியாது.

வாங்க வேண்டியவை

நான்கு வகைத் தோட்டா, வகைக்கு 20 கொண்ட ஒரு பெட்டி. குண்டின் எடையை கிரெயினில் சொல்வார்கள். 150 கிரெயின் சுமார் 9.7 கிராம், 165 கிரெயின் 10.7 கிராம், 180 கிரெயின் 11.7 கிராம். இந்த மூன்று எடையிலும் ஒவ்வொன்று, கூடவே முழுச் செம்புக் குண்டு ஒன்று. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு கட்டாயம் என்பதால் அங்கே நான்கையும் செம்பிலேயே தேர்ந்தெடுங்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். ஆகவே செம்பில் ஒரு படி குறைந்த எடையை எடுப்பது வழக்கம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை (ஒரே தொகுப்பாகச் செய்த தோட்டாக்களுக்குத் தரும் எண்) குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

இவை தவிர முன்னும் பின்னும் வைக்க மணல் மூட்டை, அங்குலக் கட்டம் போட்ட இலக்குத் தாள், அளவுகோல், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர், செம்பு நீக்கும் கரைசல், .30 அளவு பிரஷ், பாதுகாப்புக் கண்ணாடி. ரைபிள் வெடிச் சத்தம் 160 டெசிபலை ஒட்டி இருக்கும். காதுக்குள் நுரை அடைப்பான் (இயர்பிளக்), அதன் மேல் காதை மூடும் மஃப் என இரண்டும் போடுங்கள். ஒன்று போதாது.

படி 1: ரைபிளைச் சரிபார்த்தல்

ரைபிள் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரும், தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். .308 வின்செஸ்டர் தோட்டாவின் குண்டும் அதே .308 அங்குல விட்டம்தான், ஆனால் உறை குட்டையானது. ஒன்றின் சேம்பரில் மற்றொன்றைச் சுடுவது ஆபத்து. இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே பெஞ்சில் வைக்கவே வேண்டாம்.

பிறகு திருகாணிகள். குறி தப்பும் ரைபிள்கள் பலவற்றின் நோய் இங்கேதான் இருக்கிறது. ஸ்கோப் வளையத் திருகுகளை 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு வரை இறுக்குவது பொதுவான அளவு. உங்கள் வளையத்தின் தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். கூடுதலாக முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டின் திருகுகளையும், ரைபிளை மரக்கட்டையோடு பிணைக்கும் திருகுகளையும் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

இப்போது ஒரு தாளை மடித்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் (குழலுக்கு அடியில் நீளும் கட்டை) இடையே செருகி சேம்பர் பக்கம் இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் குழல் கட்டையைத் தொடவில்லை. முனைக்கு அருகே மட்டும் சிக்கினால் அது தயாரிப்பாளர் வேண்டுமென்றே விட்ட அழுத்தப் புள்ளியாக இருக்கலாம். அதைச் செதுக்க அவசரப்படாதீர்கள். நடுவில் ஒரு பக்கம் மட்டும் உரசினால் மரம் ஈரத்தில் வளைந்திருக்கலாம்.

கடைசியாகக் குழலைச் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உலோகத் தண்டு) கழற்றி, பின்பக்கத்திலிருந்தே கம்பியை விடவும். முன்பக்கம் விட்டால் குழல்வாயின் விளிம்பு தேயும், அந்த விளிம்புதான் குண்டைக் கடைசியாகத் தொடும் இடம். சுடும் முன் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள்.

படி 2: தாளில் பட வைத்தல்

25 கஜத்தில் தொடங்குங்கள். போல்ட் இல்லாத ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, குழல் வழியே பார்த்து இலக்கின் நடுப்புள்ளியைக் குழலின் மையத்துக்குக் கொண்டுவாருங்கள். ரைபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் திருகுகளைத் திருப்பி குறுக்குக் கோட்டையும் அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். திருகில் எழுதியுள்ள திசைக்கு எதிர்ப்பக்கமாகக் கோடு நகர்வதுபோல் தெரியும். அது சரிதான்.

போல்ட்டைப் போட்டு ஒரே ஒரு தோட்டா சுடுங்கள். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் (திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒரு படி) என்பது 100 கஜத்தில் கால் அங்குலம். 25 கஜத்தில் அது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குதான். குண்டு 2 அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் 32 கிளிக் வேண்டும். புதியவர்கள் எட்டு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் பழுது என்று முடிவுகட்டுவது இங்கேதான்.

ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருப்பதால், 25 கஜத்தில் குறிபார்த்த புள்ளிக்கு முக்கால் அங்குலம் கீழே பட்டால் 100 கஜத்தில் புள்ளியை ஒட்டிப் படும். அவ்வளவு போதும். இனி சோதனை முடியும்வரை ஸ்கோப்பைத் தொடக் கூடாது.

படி 3: 100 கஜத்தில் குரூப்

மூட்டை முன்கட்டையின் கீழ் இருக்க வேண்டும். குழல் மூட்டையில் சாயக் கூடாது, சாய்ந்தால் குண்டு மேலே போகும். வார் மாட்டும் கொக்கியும் மூட்டைக்கு முன்னே வெளியில் நிற்கட்டும், இல்லாவிட்டால் பின்னுதைப்பில் மூட்டையில் இடிக்கும்.

20 தோட்டாப் பெட்டியைப் பிரிக்கும் முறை இது: முதல் இரண்டு குண்டு கணக்கில் வராது. சுத்தமான குழலில், அல்லது வேறு வகைச் செம்பு படிந்த குழலில், முதல் ஓரிரு குண்டு வேறிடம் போவது இயல்பு. பிறகு ஐந்து குண்டு கொண்ட குரூப் (ஒரே புள்ளியைக் குறிபார்த்துச் சுட்ட துளைகளின் கூட்டம்) மூன்று. மொத்தம் 17. மீதி மூன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

குண்டுக்குக் குண்டு ஒரு நிமிடம் இடைவெளி. குரூப்புக்குக் குரூப் பத்து நிமிடம், போல்ட்டைத் திறந்து வைத்து, குழலைக் கையால் தொட்டால் சூடு தாங்கும்வரை காத்திருங்கள். வேட்டை ரைபிளின் மெல்லிய குழல் சூடேறினால் குண்டு மெல்ல ஒரு பக்கம் நகரத் தொடங்கும். தோட்டாக்களையும் வெயிலில் வைக்காதீர்கள், மருந்து சூடானால் அழுத்தமும் வேகமும் ஏறும்.

ஒரு காலையில் இரண்டு வகைக்கு மேல் வேண்டாம். 180 கிரெயின் குண்டு எட்டு பவுண்டு ரைபிளில் சுமார் 20 அடி-பவுண்டு உதைக்கும். நாற்பதாவது தோட்டாவில் உங்கள் தோள், விசையை (டிரிகரை) இழுக்கும் முன்பே சுருங்கத் தொடங்கும், பிறகு நீங்கள் அளப்பது உங்கள் பயத்தைத்தான். சந்தேகம் வந்தால் நண்பரை ஒரு போலித் தோட்டாவைக் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். அதன்மேல் விசை இழுக்கும்போது குழல்வாய் குலுங்கினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழல் இலக்கை நோக்கியபடியே ஒரு நிமிடமாவது காத்திருந்து பிறகே போல்ட்டைத் திறங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலில் சிக்கியிருக்கக்கூடும். போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே வெளிச்சம் பாருங்கள்.

படி 4: அளவுகளைப் படித்தல்

ஒரு குரூப்பில் மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து எழுதுங்கள். இங்கே ஏமாறாமல் இருக்க வேண்டும். அதே ரைபிள், அதே தோட்டா என்றாலும் ஐந்து குண்டு குரூப் சராசரியாக மூன்று குண்டு குரூப்பைப்போல் 1.27 மடங்கு பெரிதாக இருக்கும். பத்து குண்டு என்றால் 1.58 மடங்கு. மூன்று குண்டு சுட்டு அரை அங்குலம் வந்தது என்று பையில் வைத்துத் திரியும் தாள்கள் பலவும் தற்செயல்.

மூன்று குரூப்பின் சராசரியை வகைக்கு வகை ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் இரண்டும் சமம் என்றே கொள்ளுங்கள், பதினைந்து குண்டில் அதைவிட நுட்பமாகப் பிரித்தறிய முடியாது. சமமான இரண்டில் வேட்டைக்கு ஏற்ற குண்டையோ எளிதில் கிடைப்பதையோ எடுக்கலாம். மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் அவசியம். குரூப் ஒவ்வொன்றும் சிறிதாக இருந்து, மூன்றும் வெவ்வேறு இடத்தில் விழுந்திருந்தால் அந்தத் தோட்டாவை நம்ப முடியாது.

100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் வந்தால் மான் வேட்டைக்கு நிறைவாகப் போதும். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குலம். அரை அங்குலத்தைத் துரத்திப் பணத்தைக் கரைப்பதைவிட அந்தத் தோட்டாக்களை மண்டியிட்டும் உட்கார்ந்தும் சுட்டுப் பழகச் செலவிடுவது மேல்.

எல்லா வகையும் மோசமாக இருந்தால் துளைகளின் வடிவத்தைப் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டால் முன்கட்டை மூட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரவில்லை, அல்லது மூச்சை வெவ்வேறு நிலையில் நிறுத்துகிறீர்கள். பக்கவாட்டில் நீண்டால் விசையை ஓரமாக இழுக்கிறீர்கள், அல்லது ரைபிள் சாய்கிறது. காற்றைச் சட்டெனக் குற்றம் சொல்லாதீர்கள். மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று 100 கஜத்தில் முக்கால் அங்குலம் அளவே தள்ளும். துளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் ஸ்கோப் அடித்தட்டோ கட்டைத் திருகோ தளர்ந்திருக்கலாம். படி 1-க்குத் திரும்புங்கள்.

படி 5: ஜீரோ

தேர்ந்த தோட்டாவில், அதே லாட் எண்ணுள்ள இன்னொரு பெட்டியிலிருந்து, ஒரு ஐந்து குண்டு குரூப். ஒற்றைத் துளையை வைத்து ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள், குரூப்பின் மையத்தைக் கண்டு அதை மட்டுமே நகர்த்துங்கள். 2700 அடி/வினாடி வேகத்தில் போகும் 180 கிரெயின் குண்டை 100 கஜத்தில் 2 அங்குலம் உயரமாக வைத்தால் 200 கஜத்தில் குறிக்கு நேராகப் படும், 300 கஜத்தில் எட்டொன்பது அங்குலம் தாழும்.

குரூப்பின் மையம் புள்ளிக்கு ஒன்றரை அங்குலம் கீழே, முக்கால் அங்குலம் இடப்பக்கம் என்று வையுங்கள். மேலே மூன்றரை அங்குலம் ஏற வேண்டும்: 14 கிளிக். வலப்பக்கம் 3 கிளிக். பழைய ஸ்கோப்புகளில் உள்கருவி உடனே நகராமல் ஓரிரு அதிர்வுக்குப் பிறகே இடம் பிடிக்கும். அதனால் இரண்டு குண்டு சுட்டுவிட்டு, புதிய குரூப் போட்டுச் சரிபாருங்கள். பிறகு 200 கஜத்தில் ஒரு குரூப். கணக்கை மட்டும் நம்பி இதைத் தவிர்க்க வேண்டாம்.

மறுநாள் காலை, குளிர்ந்த குழலில், ஒரே ஒரு குண்டு. காட்டில் நீங்கள் சுடப்போவது அந்த ஒன்றைத்தான். அது குரூப்போடு சேர்ந்து விழுகிறதா, தனியே போகிறதா என்று தெரிந்துகொள்ளவே ஒவ்வொரு பெட்டியிலும் மூன்றை மிச்சம் வைக்கச் சொன்னது. எண்ணெய் துடைத்த குழலிலும் முதல் குண்டு மட்டும் விலகினால், வேட்டைக்காலம் முடியும்வரை குழலைச் சுத்தம் செய்யாமல், செம்பு படிந்த நிலையிலேயே வைத்திருங்கள். ஈரத்தில் போய் வந்தால் மட்டும் துடைத்து எண்ணெயிட்டு, அடுத்த பயணத்துக்கு முன் இரண்டு குண்டு சுட்டு நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

குறித்துவைத்த லாட் எண்ணை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதே எண்ணில் கிடைக்கும் பெட்டிகளை மொத்தமாக வாங்குங்கள். லாட் மாறினால் பெயரும் எடையும் அதேதான் என்றாலும் மருந்தின் கூறு சற்று மாறியிருக்கலாம். புதிய பெட்டியில் ஐந்து குண்டு சுட்டு ஜீரோவைச் சரிபார்த்த பிறகே காட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.