மாத்தளைக்குள் வடக்கால் நுழையுங்கள்

கண்டியிலிருந்து தம்புள்ளைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிற எல்லாரும் மாத்தளையைக் கடந்துதான் போகிறார்கள். அதில் எத்தனை பேர் மாத்தளையில் இறங்கியிருப்பார்கள்? பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும், உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போடுவோம், அதோடு ஊர் முடிந்துவிடும். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிவரும் வேன்கள் ஊருக்கு வெளியே வாசனைத் திரவியத் தோட்டங்களில் நின்று, தைலமும் எண்ணெயும் வாங்க வைத்து, அப்படியே சிகிரியாவுக்குப் போய்விடும். நுவரெலியா, எல்ல மாதிரி இதை யாரும் பார்க்கப் போகிற ஊராக நினைப்பதில்லை. நானும் கண்டிக்காரன்தான், இருபது வருஷம் இந்த ஊரை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவன். இப்போது வருஷத்துக்கு நாலைந்து தடவை தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே நடக்கிறேன். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்று நிறையப் பேர் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் திசை. கண்டிப் பக்கமிருந்து ஊருக்குள் நுழையாதீர்கள். டவுனைத் தாண்டி அலுவிகாரை வரைக்கும் டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, திரும்பித் தெற்கே நடந்து வாருங்கள். மூன்று கிலோமீட்டர்தான். ஏன் இந்தத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்று என் மச்சானும் கேட்டான். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் மலையக ஆட்கள் இந்த ஊருக்குள் வந்த திசை அதுதான். கோப்பிக் காலத்தில் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாள்கணக்கில் நடந்து, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் கூட வந்தவர்களைப் பாதையோரத்திலேயே பறிகொடுத்துவிட்டு, மிச்சமிருந்தவர்கள் வந்து சேர்ந்த மலைநாட்டு வாசல் மாத்தளை. கண்டிச் சீமை என்று ஆசை காட்டிக் கூட்டி வந்த கங்காணிமார் இங்கிருந்துதான் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனார்கள். 1914இல் தலைமன்னார் வரைக்கும் ரயில் வந்த பிறகு அந்த நடைக்கே வேலையில்லாமல் போனது. மலையக மக்களின் 200 வருஷத்தை நினைத்து 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையில் முடித்த நடைபயணம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர், 16 நாள். நமக்கு அவ்வளவு லீவு கிடைக்காது, சரி, கடைசி மூன்று கிலோமீட்டரையாவது நடக்கலாம்.

அலுவிகாரையில் இறங்கியதும் குகை விகாரைக்குள் ஒரு அரை மணி நேரம் போய்வரலாம். வாய்மொழியாக வந்த திரிபிடகத்தை ஓலையில் எழுதியது இங்கேதான் என்பார்கள், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில். பௌர்ணமிப் போயா நாளென்றால் கூட்டம் தாங்காது, வேறு நாள் பாருங்கள். அங்கிருந்து வரும் ஏ9 வீதியில் பஸ்கள் ஓரத்தை உரசிக்கொண்டுதான் போகும், அதனால் வலது பக்கமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின்னால் ஒருவராக நடக்க வேண்டும். கதை பேசிக்கொண்டு மூன்று பேர் சேர்ந்து நடக்கிற இடமில்லை இது. காலை ஏழரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் கோயிலுக்கு வந்துவிடலாம். மாத்தளை நுவரெலியா இல்லை, பத்து மணிக்கே முதுகு வேர்க்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் போனால் பின்னேரம் இடியோடு மழை கொட்டும், குடையை விட்டுவிட்டு வராதீர்கள்.

கோயிலில் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். 108 அடிக் கோபுரம், அதில் ஆயிரத்துக்கு மேல் சிலைகள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு சுற்று முடிந்ததும் கண்ணைக் கீழே இறக்குங்கள். உபயம் என்று சுவரிலும் தூணிலும் இருக்கிற பெயர்களைப் படித்துக்கொண்டே போனால், அந்தக் கோயிலைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் என்று தெரியவரும். மரத்தடியில் ஒரு சிறு சிலையாக இருந்த அம்மனுக்கு 1852இல் வயல்காணி ஒன்று நன்கொடையாகக் கிடைத்து, 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பணத்தில் இப்போதைய கோயில் எழுந்தது. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். அந்த நாளில் ஊரே வீதியில் நிற்கும், அதனால் நம் நடைக்கு அது தோதுப்படாது, தேருக்கென்று தனியாக வாருங்கள். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் இந்தக் கோயிலும் தப்பவில்லை, டவுனில் தமிழர் கடைகளும் எரிந்தன. திருகோணமலை வீதியில் நடக்கும்போது பழைய ஓட்டுக்கூரைக் கட்டடங்களுக்கு நடுவே சில கொங்கிரீட் கட்டடங்கள் நிற்கும், உடனே இது எரிந்த கடையாக இருக்கும் என்று விரல் நீட்டிச் சொல்லிவிடாதீர்கள். காசு வந்ததும் இடித்துக் கட்டியவர்களும் உண்டு. அந்த வருஷத்தைப் பற்றி யாரையும் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கவும் கூடாது. தேநீர்க் கடையில் உட்கார்ந்து வேறேதோ பேசும்போது ஒரு வயசானவர் தானாகச் சொல்ல வந்தால், போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

ஆள் கணக்கு முக்கியம். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு தடவை பெரிய மனசாகப் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு மிளகுக் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, பையனைக் கூப்பிட்டு எங்கள் காலடியில் தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொன்னார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

அந்த மாதிரிக் கடைகள்தான் இந்த ஊரின் உயிர் என்பது என் எண்ணம். மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து சாக்கிலும் பையிலும் வந்து இறங்கும். ஒரு கடையில் ஓரமாக நின்று பத்து நிமிஷம் பாருங்கள். ஒரு கிராமத்து அம்மா பையை அவிழ்ப்பார். முதலாளி உள்ளே முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி மிளகை எடுப்பார், மேலே இருப்பதை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் தேய்த்து, ஒரு ஊது. பதர் பறந்துவிடும். மிச்சத்தில் ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். நன்றாகக் காய்ந்த மிளகென்றால் பக்கத்தில் நிற்கிற நமக்கே அந்தச் சத்தம் கேட்கும், ஈரமென்றால் சத்தமில்லாமல் நசுங்கும். அப்புறம் விலைப் பேச்சு சிங்களத்தில் நடக்கும், தராசுக்கு ஆள் கூப்பிடுவது தமிழில். சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு நிற்காமல் நூறு கிராம் மிளகாவது வாங்குங்கள், வீட்டுக்கும் ஆகும், அடுத்த தடவை முகமும் ஞாபகம் இருக்கும்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு தயக்கம் வரும். தமிழ்க் கடையென்றால் அண்ணே, முஸ்லிம் கடையென்றால் நானா, சிங்களக் கடையென்றால் அய்யே. யாரென்று பிடிபடவில்லையா, முதலாளி என்று கூப்பிடுங்கள், மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்கு முஸ்லிம் கடைகள் கொஞ்ச நேரம் பூட்டியிருக்கும், கொங்காவெலப் பக்கம் போக நினைத்தால் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பதினொரு மணிக்கெல்லாம் கால் கெஞ்சும். பெயர்ப்பலகை பளபளக்கிற இடத்துக்குப் போகாமல், கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வடை அடுக்கியிருக்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், கூட ஒரு பிளேன்டீ. டொய்லெட் கேட்கவும் அதுதான் தோதான இடம், பெண்கள் கூட வந்தால் இதை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

சாப்பிட்ட பிறகு 1848ஐத் தேடிப் போகலாம். வெள்ளைக்காரன் அந்த வருஷம் போட்ட சட்டங்களில் ஒன்று, ஆண்கள் வருஷத்துக்கு ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும் என்பது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, அதோடு இதுவும் சேர, ஜனம் கிளம்பிவிட்டது. வீர புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் நடத்திய கலகம் மாத்தளையைத்தான் முதலில் உலுக்கியது. புரன் அப்புவை அந்த ஓகஸ்ட் மாதமே கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். கலகத்துக்கு ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. 1803இல் கட்டிய மக்டவல் கோட்டையில் வாசலைத் தவிரப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, உள்ளே இப்போது மயானம். கோட்டை என்றதும் காலிக் கோட்டையை நினைத்துக்கொண்டு வராதீர்கள், ஏமாந்து போவீர்கள். ஆனால் ரோட்டுப் போட மாட்டோம் என்று கிராமத்துச் சனம் எழும்பின அதே காலத்தில்தான் நம் ஆட்கள் வடக்கேயிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். காலையில் வந்த பாதை காலில் இன்னும் வலிக்கும்போது அந்த வாசலில் நின்று இதைச் சொன்னால், வரலாற்றுப் பாடத்துக்குத் தூங்குகிற பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

போகிற வழியில் பாலம் கிடைத்தால் சுது கங்கையை எட்டிப் பாருங்கள். அதில் ஓடுவது முழுக்க இந்த ஊர்த் தண்ணீர் இல்லை. பொல்கொல்லையில் மறித்த மகாவலி, மலைக்குள் சுரங்கம் வழியாக உக்குவெலை மின்நிலையத்துக்கு வந்து, பிறகு இந்த ஆற்றில்தான் விழுகிறது. எழுபதுகளில் செய்த வேலை. கண்டியில் நான் தினமும் பார்க்கிற ஆறு எனக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பகிடியைச் சொல்கிறேன், யாரும் சிரிப்பதில்லை.

கடைசியில் ரயில்வே ஸ்டேஷன். 1880இல் ரயில் இங்கே வந்தது, அதற்கு அப்பால் போகவே இல்லை. பிளாட்ஃபாரத்தின் வடக்குப் பக்கம் போய் நின்றால், காலையில் நீங்கள் நடந்து வந்த திசையைப் பார்த்தபடி தண்டவாளம் முடிந்துபோவது தெரியும். வத்தேகம வழியாகக் கண்டிக்குப் போகும் ரயில் மெதுவாகத்தான் போகும், காசும் குறைவு, களைத்த காலுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடுவது மலைநாட்டில் புதிதில்லை, அதனால் ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் பஸ்தான். நின்றுகொண்டே வந்தாலும் பரவாயில்லை, ஜன்னல் சீட்டுக்கு அடிபட வேண்டிய அவசியம் இன்றைக்கு இல்லை.