கிடா உரிக்க எந்தக் கத்தி? பெங்களூரில் முதல் கத்தி வாங்குபவர்களுக்கு

குலதெய்வத்துக்குக் கிடா வெட்ட கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கிளம்பும் பெங்களூர்த் தமிழர் பலர், கத்தியை இங்கேயே வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆன்லைனில் ‘வேட்டைக் கத்தி’ என்று தேடி, முதுகில் ரம்பப் பல் வைத்த ஒன்றை வாங்குவதுதான் வழக்கமான தவறு. அந்தப் பல்லில் மயிரும் கொழுப்பும் சிக்கும், கழுவினாலும் போகாது. ஆடு உரிக்க அதனால் ஒரு பயனும் இல்லை.

தொடங்குமுன் சட்டம். காட்டு விலங்கை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டு முயலும் அதில் அடக்கம். நகர எல்லைக்குள் ஆட்டை அங்கீகாரம் பெற்ற அறுவைக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும். இங்கே சொல்வது வளர்ப்பு ஆட்டுக்கான கத்தி பற்றி மட்டுமே.

படி 1: அலகின் வடிவம்

இரும்பைப் பார்க்கும் முன் வடிவத்தைப் பாருங்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதை வருடினாற்போல் அறுத்தால் போதும், குத்தத் தேவையில்லை. ஆகவே கத்தியின் வாய் (வெட்டும் விளிம்பு) நுனியை நோக்கி நன்றாக வளைந்து மேலேற வேண்டும். வளைவான வாயில் ஒரு நேரத்தில் சிறிய பகுதிதான் தோலைத் தொடும். எவ்வளவு ஆழம் போகிறோம் என்பது கைக்குத் தெரியும். வாய் நேராக உள்ள காய்கறிக் கத்தியில் அது தெரியாது. தோலில் ஓட்டை விழும் அல்லது சதை தோலோடு போகும்.

நுனி ஊசியாக இருக்கக் கூடாது. வயிற்றைத் திறக்கும்போது ஊசி நுனி குடலைக் கிழித்துவிடும். பிறகு கறியெல்லாம் நாற்றம். முதுகு லேசாகச் சரிந்து, நுனி சற்றே தாழ்ந்து முடியும் கத்தியே பாதுகாப்பானது.

நீளம் 4 முதல் 5 அங்குலம், முதுகின் கனம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர். அதற்கு மேல் நீண்டால் ஆள்காட்டி விரலை முதுகில் வைத்து நுனியை ஆள முடியாது. எலும்பு உடைக்க இந்தக் கத்தியைத் தொடாதீர்கள், கத்தியின் வாய் பெயர்ந்து பல் பல்லாகிவிடும். அதற்குத் தனி வெட்டுக்கத்தி வேண்டும்.

படி 2: இரும்பு

கடைக்குப் போகும்போது ஒரு சின்ன காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘காந்தம் ஒட்டாததுதான் அசல் ஸ்டெயின்லெஸ்’ என்ற பேச்சு பாத்திரத்துக்குப் பொருந்தலாம், கத்திக்குப் பொருந்தாது. காந்தம் ஒட்டாத வகையைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. நாலு இழுப்பில் மழுங்கிவிடும். காந்தம் ஒட்டாத கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டுவதெல்லாம் நல்லது என்றும் அர்த்தமில்லை. பெட்டியில் ராக்வெல் கடினம் (இரும்பு எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண், HRC) போட்டிருந்தால் 56 முதல் 58 வரை சரி. 62க்குப் போனால் எலும்பில் பட்டதும் வாய் உடையும், வீட்டுக் கல்லில் தீட்டுவதும் கடினம்.

சிவாஜிநகரிலும் கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றியும் தேடினால் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி கிடைக்கலாம். பதம் (சூடாக்கிக் குளிர்வித்து ஏற்றிய கடினம்) சரியாக இருந்தால் அருமையான கத்தி. துரு மட்டும்தான் தொல்லை. நாளடைவில் அலகில் படியும் சாம்பல் நிறத்தைத் தேய்க்க வேண்டாம், அது காப்பு. செம்புள்ளி தெரிந்தால் உடனே தேய்த்தெடுங்கள்.

படி 3: பிடி

கொழுப்புப் பட்ட கையில் வழவழப்பான ஸ்டீல் பிடி நிற்காது. கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். பிடிக்கும் வாய்க்கும் இடையே விரலைத் தடுக்கும் மேடு கட்டாயம் வேண்டும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓட வேண்டும். மரப்பிடி என்றால் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது, ரத்தம் அங்கேதான் தங்கும்.

படி 4: தீட்டுவது

புதுக் கத்தி பெரும்பாலும் தோல் உரிக்கும் கூரில் வராது. பக்ரீத் நெருக்கத்தில் சாணைக்காரரிடம் அவசரமாகக் கொடுப்பதும் ஆபத்து. வேகச் சக்கரத்தில் வாய் நீலம் பூத்தால் பதம் போய்விட்டது என்று பொருள். தண்ணீரில் அடிக்கடி முக்கித் தீட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கரகரப்பு எண் (கிரிட்) கொண்ட இருபக்கக் கல் போதும். பக்கத்துக்கு 20 டிகிரிக் கோணம். அலகு ஓர் அங்குல அகலம் என்றால் முதுகு கல்லிலிருந்து சுமார் 9 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். பத்து ரூபாய் நாணயங்கள் ஐந்தை அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம். முதல் சில இழுப்புகளுக்கு அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கைக்குப் பழகிவிடும். நனைத்த 400இல் ஒரே பக்கத்தை, எதிர்ப்பக்கத்தில் வாய் முழுக்கப் பிசிறு (மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு விளிம்பு) தட்டுப்படும் வரை தீட்டுங்கள். பிசிறு வருமுன் திருப்புவதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை. மறுபக்கமும் அப்படியே. பிறகு 1000இல் பக்கம் மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு, கடைசியில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் வாய் பின்னால் வர இழுத்துவிடுங்கள். கட்டைவிரலால் சோதிக்காதீர்கள், செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள்.

படி 5: உரிக்கும்போது

பின்னங்காலின் உட்புறத்தில் தொடங்குங்கள். நுனியைத் தோலுக்கடியில் நுழைத்து, வாயை மேல்நோக்கி வைத்து உள்ளிருந்து வெளியே அறுங்கள். வெளியிலிருந்து அறுத்தால் மயிர் துண்டாகிக் கறியில் ஒட்டும். தோல் ஒரு கையளவு பிரிந்ததும் கத்தியை ஒதுக்கி, தோலை இழுத்துப் பிடித்தபடி முஷ்டியால் தள்ளுங்கள். முதுகும் விலாவும் பெரும்பாலும் கையாலேயே கழன்று வரும். ஒட்டிப் பிடிக்கும் இடங்களில் மட்டும் கத்தி. அப்போதும் வாய் தோல் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும்.

முடிந்ததும் சோப்பால் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வையுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் விடாதீர்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அலகு உள்ளேயே துருப்பிடிக்கும்.