கார்கில் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஸ்ரீநகரிலிருந்து லே போகிற நம்மூர்க்காரர்களுக்குக் கார்கில் என்றால் ராத்திரி தங்க ஓர் ஊர், அவ்வளவுதான். இரு பக்கமும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் என்பதால் சாயங்காலம் வந்து, சாப்பிட்டுத் தூங்கி, விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. கூட ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள்.

லடாக் முழுக்கப் புத்த மடங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு வருவது அடுத்தது. 2011 கணக்கெடுப்பின்படி கார்கில் மாவட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 77 பேர் முஸ்லிம்கள், 14 பேர் பௌத்தர்கள். முஸ்லிம்களையும் ஒரே கூட்டமாகப் பார்க்கக் கூடாது. கார்கில் நகரத்திலும் சுரு பள்ளத்தாக்கிலும் பெரும்பாலும் ஷியாக்கள். அவர்கள் பேசும் புர்கி, திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்கே திராஸ் போனால் சுன்னிகளும் இருக்கிறார்கள், அங்கே பேச்சு ஷினா. முஹர்ரம் எந்த மாதத்தில் வருகிறது என்று பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். ஊரே துக்கம் அனுசரிக்கும் நாளில் கடை திறக்கவில்லை என்று அலுத்துக்கொள்வதும், ஊர்வலத்துக்குள் புகுந்து செல்ஃபி எடுப்பதும் ரொம்பத் தப்பு.

லே போகும் வழியில் இருக்கும் முல்பெக் கிராமத்தை வண்டியிலிருந்தே பார்த்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கார்கிலிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம்தான். சாலையை ஒட்டி நிற்கும் ஒற்றைப் பாறையில், ஏறக்குறைய 30 அடி உயரத்தில் மைத்ரேய புத்தரை, அதாவது இனி வரப்போகும் புத்தரை, செதுக்கியிருக்கிறார்கள். நான்கு கைகள்; ஒன்றில் ஜெபமாலை, இன்னொன்றில் கமண்டலம். நம் கோயில் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகவே தெரியாது. பாதத்தருகே சின்னதாக ஒரு கோயில். இந்த ஊரில் பௌத்தர்களும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்கிறார்கள். இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

சரி, போர். 1999 போரின் நினைவிடம் கார்கில் நகரத்தில் இல்லை. 60 கிலோமீட்டர் தள்ளி திராஸில் இருக்கிறது. திருச்சி மேஜர் சரவணன் உயிர் கொடுத்த படாலிக் பகுதியோ கார்கிலுக்கு வடகிழக்கே, வேறு திசையில். பாகிஸ்தான் ஊடுருவலை முதலில் பார்த்துச் சொன்னவர்களில் ஒருவர் அந்தப் பக்கத்துக் கார்கோன் கிராமத்தின் மேய்ப்பர் தாஷி நம்கியால், ஒரு பௌத்தர். குண்டு விழுந்தபோது கார்கில் மக்களும் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அவர்களிடம் போய் தேசப்பற்றைச் சோதிப்பது போலக் கேள்வி கேட்காதீர்கள்.

கார்கோன் பெண்கள் தலையில் பூச்சூடுவதைப் பார்த்துவிட்டு, 'சுத்த ஆரியர்கள்' என்று படமெடுக்கக் கூட்டம் போகிறது. அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை. படம் வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அப்புறம் ஸான்ஸ்கர் பள்ளத்தாக்கு. வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும், ஆனால் அதன் முக்கிய ஊரான பதும் வரை 230 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் 4,400 மீட்டர் உயரத்தில் பென்சி லா கணவாய். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். போய்விட்டு அன்றைக்கே திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வழியில் இருக்கும் ரங்துமில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளுங்கள்.