டம்ளரில் பதிந்த கைரேகையை வீட்டிலேயே எடுத்துப் பார்ப்பது எப்படி?

திருட்டு நடந்த வீட்டுக்கு மோப்ப நாய் வரும்போது, சின்னப் பெட்டியோடு இன்னொருவரும் வந்து பீரோ கைப்பிடியில் பொடி தடவிக்கொண்டிருப்பாரே, அவர் செய்கிற வேலையைத்தான் இன்று நாம் செய்யப் போகிறோம். வேண்டியவை: கண்ணாடி டம்ளர், பென்சில், உப்புத்தாள், அகலமான செல்லோ டேப், ஸ்டாம்ப் பேட், வெள்ளைத்தாள், மேக்கப் போடும் மென்மையான பிரஷ் ஒன்று (யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது கருப்பாக இருக்கும்).

முதலில் ரேகையைப் பதிக்க வேண்டும். விரல் நுனியில் தெரிகிற வரிகள் எல்லாம் மேடுகள், அவற்றின் மேல் வரிசையாக வியர்வைத் துளைகள் இருக்கின்றன. அந்த வியர்வை பெரும்பாலும் தண்ணீர்தான், கூடவே கொஞ்சம் உப்பும் அமினோ அமிலங்களும். எண்ணெய்ப் பசை விரலில் சுரப்பதில்லை, முகத்தையும் தலைமுடியையும் தொடும்போது ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே டம்ளரை நன்றாகத் துடைத்துவிட்டு, விரலை மூக்கின் ஓரத்தில் ஒருமுறை தேய்த்து, டம்ளரில் அழுத்தி, நகர்த்தாமல் நேராக எடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கலாகத் தெரியும்.

அடுத்து பொடி. பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்தால் கருப்புப் பொடி கிடைக்கும். அதில் பிரஷ் நுனியை லேசாகத் தொட்டு, உதறிவிட்டு, ரேகை இருக்கும் இடத்தில் மெதுவாகச் சுழற்றுங்கள். எல்லோரும் சொதப்புவது இங்கேதான். பொடி நிறைய இருந்தால் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளமும் நிரம்பி வெறும் கருப்புத் திட்டுதான் மிஞ்சும், அழுத்தித் தேய்த்தால் ரேகையே அழிந்துவிடும். வரிகள் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, டேப்பை ஒரு ஓரத்திலிருந்து குமிழ் விழாமல் ஒட்டி, ஒரே இழுப்பில் உரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள்.

காகிதத்தில் பதிந்த ரேகைக்கு இந்தப் பொடி அவ்வளவாக உதவாது, வியர்வையைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு ஆய்வகத்தில் நின்ஹைட்ரின் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துகிறார்கள், அது அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறமாக மாறும். பிளாஸ்டிக் போன்ற பொருட்களுக்கு சூப்பர் க்ளூ ஆவி. அந்த ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும், வீட்டில் வேண்டாம்.

சரி, இப்போது ஒப்பிட உங்கள் விரலின் நேரடிப் பதிவு ஒன்று வேண்டும். ஸ்டாம்ப் பேடில் தொட்டுத் தாளில் வைத்தால் போதும். நான் முதல் தடவை மை கையில் ஒட்டுமே என்று, விரலில் பென்சில் பொடியைப் பூசி அதன்மேல் டேப்பை ஒட்டி எடுத்தேன், பதிவு பளிச்சென்று வந்தது, ஆனால் அரை மணி நேரம் பார்த்தும் டம்ளர் ரேகையோடு பொருந்தவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது: டம்ளரில் பதிவது விரலின் கண்ணாடி பிம்பம், மையில் பதிவதும் அதேபோல்தான், ஆனால் விரலிலிருந்து நேராக டேப்பில் எடுத்து ஒட்டினால் இடவலம் மாறிவிடுகிறது. அப்படி எடுத்துவிட்டவர்கள் போனில் படம் பிடித்துப் புரட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் மொத்த வடிவத்தைப் பாருங்கள். பாட்டிமார் விரலைப் பிடித்து எத்தனை சங்கு, எத்தனை சக்கரம் என்று எண்ணுவார்களே, கிட்டத்தட்ட அதே கணக்குதான். வந்த பக்கமே வளைந்து திரும்பினால் வளையம், இதுதான் அதிகம், 100 விரலில் 60க்கு மேல் இருக்கும். சுற்றிச் சுழன்றால் சுழி. மேடு போல ஏறி இறங்கினால் வில், அது 5 தான் தேறும். பத்து விரல்களில் சுழி எங்கெங்கே இருக்கிறது என்பதை வைத்தே 1,024 பிரிவுகளாகக் கைரேகைத் தாள்களை அடுக்கும் முறையை கல்கத்தாவில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு காவல்துறை அதிகாரிகள் உருவாக்கினார்கள், பெயரென்னவோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. 1897இல் அங்கே கைரேகைப் பிரிவும் வந்தது.

வடிவம் பொருந்தினால் மட்டும் ஆள் கிடைத்துவிட மாட்டார். ஒரு வரி எங்கே சட்டென்று முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே குட்டியாகத் தனித்து நிற்கிறது என்று நுணுக்கங்களைத் தேட வேண்டும். இரண்டிலும் அவை ஒரே இடத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும், இடையில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். இங்கிலாந்தில் 2001 வரை இப்படிப் பொருந்தும் புள்ளிகள் 16 கேட்டார்கள்.

எப்போதும் டம்ளர் ரேகையில்தான் முதலில் பேனாவால் குறியுங்கள், மைப்பதிவை அதுவரை மூடி வையுங்கள். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்த ரேகை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்பிஐ நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள், அவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார், கடைசியில் அது ஒரு அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்தது. பிறகு நடந்த விசாரணையில் தெரிந்த காரணங்களில் ஒன்று, அந்த வழக்கறிஞரின் ரேகையைப் பார்த்த பிறகு, அதில் இருந்ததையெல்லாம் பையில் இருந்த மங்கலான ரேகையிலும் 'கண்டுபிடித்தார்கள்' என்பது.

முதல் முயற்சி சரியாக வந்துவிட்டால், வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் மைப்பதிவு வாங்கி வைத்துக்கொண்டு, யாராவது ஒருவரை மட்டும் உங்களுக்குத் தெரியாமல் டம்ளரைத் தொடச் சொல்லுங்கள்.